வேர் பிடித்த கணுக்கள்

வெங்காயக் கூடைக்குப் பின்னால் கிடந்த அந்தச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை அம்மா குப்பையில் போடத்தான் எடுத்தாள். எப்போது வாங்கியது என்று அவளுக்கே நினைவில்லை. தோல் சுருங்கிப்போய், ஒரு முனையில் மட்டும் ஊதா நிறத்தில் குட்டிக் குட்டியாக முளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இரும்மா, போடாத," என்றாள் மகள்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னே? மகள் இந்த வீட்டுக்கு வந்து படுத்ததிலிருந்து அவளாக வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அது. கேட்டதற்கு 'ம்', 'வேணாம்', 'பசிக்கல' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை. மூன்றாவது தடவையும் கரு கலைந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மா வீட்டுக்கு வந்தவள். புருஷன் வீட்டுக்குப் போகிறேன் என்று அவளும் சொல்லவில்லை, போ என்று சொல்ல அம்மாவுக்கும் நாக்கு எழவில்லை. அதுவரை மகளை 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டு வந்தாள். இப்போது அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிடும். 'இந்தாடி', 'ஏய்', 'இங்க பாரு' என்று எதையாவது வைத்துச் சமாளித்தாள்.

அம்மா தையல்காரி. முன்னறையில் ஒரு மிஷின், சுவரோரம் வெட்டுத்துணி மூட்டைகள், கழுத்தில் எந்நேரமும் அளவு டேப். தெருவில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். 'ரெண்டு விரக்கட கூடியிருக்கே, வீட்டுல என்ன தினமும் விருந்தா?' என்று முகத்துக்கு நேரே கேட்பாள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். துணியை இன்னும் வெட்டியே இருக்க மாட்டாள், வாசலில் வந்து நிற்பவரிடம் 'முடிஞ்சிடுச்சு, பட்டன்தான் பாக்கி' என்பாள். தையல் வேலையில் அது ஒரு பொய்யே இல்லை என்பது அவள் கட்சி. வந்தவர் சந்தோஷமாகத் திரும்பிப் போகிறாரா இல்லையா? அதுதான் அவளுக்குக் கணக்கு.

மகள் விஷயத்திலும் அந்த வாய் அப்படித்தான் வேலை செய்தது. முதல் தடவை கலைந்தபோது, 'நான்தான்டி உன்னை மாடிப்படி ஏற வெச்சேன்' என்று தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாவது தடவை, 'நான்தான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம ஊரெல்லாம் சொன்னேன்' என்றாள். மூன்றாவது தடவை பழியைத் தையல் மிஷின் மேல் போட்டாள். 'மிதிக்காதன்னு சொல்லியிருக்கணும், சொல்லலயே பாவி.' டாக்டரோ யார் மேலும் தப்பில்லை, சில பேருக்கு இப்படி ஆகும் என்று சொல்லிவிட்டார். யார் மேலும் தப்பில்லை என்றால் மகள் தன் மேல்தான் போட்டுக்கொள்வாள் என்று அம்மாவுக்குத் தெரியும். அதற்கு முந்திக்கொண்டு தானே தலையைக் கொடுத்தாள். வேறென்ன செய்வாள் பெற்றவள்?

மகள் கிழங்கைக் கழுவி, இடுப்பில் நாலு பல்குச்சியைக் குத்தி, பாதி தண்ணீரில் நிற்கும்படி கண்ணாடி டம்ளரில் வைத்தாள். சமையலறை ஜன்னலில் வெயில் வரும் பக்கம் பார்த்து நிறுத்தினாள். தினம் காலையில் எழுந்து தண்ணீர் மாற்றினாள். எழுந்தாள் என்பதுதான் விஷயம்! சாயங்காலம் வரை போர்வையை விட்டு வராதவள், விடிந்ததும் ஜன்னலுக்கு வந்து நின்றாள். முளைகள் நீண்டு, இலை விரிந்து, ஒரு சாண் உயரம் வந்தன. ஒவ்வொன்றையும் அடியில் பிடித்துப் பதமாகத் திருகி எடுத்து வேறு டம்ளரில் போட்டாள். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் இறங்கியது.

"எங்கடி படிச்ச இதெல்லாம்?"

"போன்ல பாத்தேம்மா. இதுதான் நாத்து. மண்ணுல வெச்சா கொடியா ஓடும், அடியில கிழங்கு வெக்கும்."

பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. மகள் கொத்தி, கல் பொறுக்கி, மண்ணை வரப்பு மாதிரி உயர்த்திக் கூட்டினாள். நாற்றுகளை நட்ட அன்றைக்கே அவை தலையைத் தொங்கப்போட்டுவிட்டன. அம்மா குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். கடவுளே, இதுவுமா? மகள் குடையை விரித்து, அந்தப் பொடிச் செடிகளுக்கு நிழலாகப் பிடித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தாள். எதிர்வீட்டு பஸ் டிரைவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா, செடிக்குக் குடை, உனக்கு வெயிலா?" என்று கேட்டார். மகள் சிரித்தாள். அடுத்த வாரம் நாற்றுகள் நிமிர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை வருவார். வேன் மெக்கானிக். எவ்வளவு கழுவினாலும் நக இடுக்கில் கிரீஸ் போகாது. கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்காருவார். பெண்டாட்டியிடம் என்ன பேசுவது என்று தெரியாது. "டீ நல்லாருக்கு அத்தை" என்பார், அன்றைக்குத்தான் டீயைக் கண்டுபிடித்தது போல. நாற்று நிமிர்ந்த வாரம் மகளே அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அவர் போன பிறகு அம்மாவிடம் வந்து நின்றாள்.

"இது கிழங்கு வெச்சா நான் வீட்டுக்குப் போறேம்மா. இன்னொரு தடவை பாக்கலாம்னு அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"வெக்கலன்னா?" என்று கேட்டிருக்க வேண்டாம். வாய் முந்திக்கொண்டது.

"வெக்கலன்னா வேற வழி பாத்துக்குங்கன்னும் அவர்கிட்ட சொல்லிட்டேன். என் கையில எதுவும் தங்காதுன்னு தெரிஞ்சும் எதுக்கு அவரைக் கட்டி வெக்கணும்?"

விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை அது. அன்றிலிருந்து அம்மாவுக்கு மிஷினில் உட்கார்ந்தாலும் மனசு பின்கட்டில்தான் இருந்தது. காலர் வைக்க வேண்டிய இடத்தில் சட்டைக் கையை வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தாள்.

கொடிகள் ஓடத் தொடங்கிய சமயம் மகள் பழையபடி மருந்துக்கடை வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பகலெல்லாம் தோட்டம் அம்மா பொறுப்பு.

"தண்ணி அளவா விடு. அப்புறம், வாரம் ஒரு தடவை கொடியை மெதுவா தூக்கித் தூக்கி விடணும். தரையிலயே படுக்க விடக் கூடாது. மறந்துடாத."

"சரி, சரி. எனக்கு வகுப்பெடுக்காத," என்றாள் அம்மா. ஏன் தூக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அங்கேதான் வினை.

முதல் வாரம் தூக்கினாள். ஒரு கொடியைப் பிடித்து மேலே இழுத்தபோது அடியில் படக் படக்கென்று ஏதோ அறுந்தது. குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு கணுவிலும் பொடிசாக வெள்ளை வேர் விட்டிருந்தது. மண்ணை அப்போதுதான் பிடித்திருக்கிறது, அவள் இழுத்ததில் பிய்ந்து தொங்கியது. நுனியில் ஒட்டிய மண்ணோடு அந்த வேரை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். ஐயோ, பிடித்ததைப் பிய்த்துவிட்டேனே! மூன்று தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வந்தவள் அவள். வேர் விட்ட ஒன்றை இந்தக் கையால் பிடுங்க அவளால் முடியவில்லை. 'எவனோ போன்ல உளறியிருக்கான்,' என்று திட்டிக்கொண்டே கொடியைத் திரும்பப் படுக்க வைத்தாள். கணுவுக்குக் கணு ஒரு பிடி மண் போட்டு அழுத்தினாள். ஓரத்தில் துள்ளிக்கொண்டு நின்றதைத் தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி, தைக்கும் துணியைக் குத்தி வைப்பது போல மண்ணோடு குத்தி வைத்தாள். எத்தனை இடத்தில் வேர் பிடிக்கிறதோ அத்தனை இடத்திலும் கிழங்கு வைக்கும் என்பது அவள் எண்ணம்.

சாயங்காலம் மகள் கேட்டாள். "தூக்கி விட்டியாம்மா?"

"விட்டேன்டி. நல்லா தூக்கி விட்டேன்."

வாரா வாரம் அதே கேள்வி, அதே பதில். கொடி காடாகப் படர்ந்தது. மண்ணே தெரியாமல் இலை மூடியது. டிரைவர் மாடியிலிருந்து, "அடேயப்பா, கண்ணு பட்டுடப் போவுது தையலம்மா!" என்றார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் முகத்தில் ரத்தம் ஏறியது. போனில் மாப்பிள்ளையிடம், "பெரிய கூடையா எடுத்துட்டு வாங்க, சின்னது பத்தாது" என்று சொல்லிச் சிரிப்பதை அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில்தான் கேட்டாள். "அது எதுக்குடி கொடியைத் தூக்கி விடணும்?"

"இல்லன்னா கணுவுல எல்லாம் வேர் விட்ரும்மா. சத்து அங்கங்க பிரிஞ்சு போயிடும். அடியில கிழங்கே வெக்காது. வெறும் இலைதான் மிஞ்சும்."

அம்மாவுக்குக் கவளம் தொண்டையில் அடைத்துக்கொண்டது. மகள் தண்ணீரை எடுத்துக் கொடுத்து முதுகைத் தட்டினாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? எதிரே உட்கார்ந்து இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டவளிடம்?

மறுநாள் மகள் வேலைக்குப் போனதும் பின்கட்டுக்கு ஓடினாள். ஒரு கொடியைப் பிடித்துத் தூக்கினாள். வரவில்லை. பலமாக இழுத்தாள், கொடியே நடுவில் அறுந்து பால் வடிந்தது. வேரெல்லாம் அவ்வளவு ஆழம் போயிருந்தது. அறுந்த கொடி மத்தியானத்துக்குள் வாடிக் கருகியது. பயந்துபோய் மற்றதைத் தொடவில்லை. அதற்குப் பிறகு தினமும் வரப்பைப் பார்ப்பாள். கிழங்கு பருத்தால் மண் வெடிக்கும் என்று மகள் சொல்லியிருந்தாள். மண் வெடிக்கவில்லை. "லேசா வெடிச்சிருக்குடி, இந்த மூலையில," என்று மகளிடம் சொன்னாள். பட்டன்தான் பாக்கி!

இலை பழுத்தது, கிழங்கு தோண்டும் பருவம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பெரிய கூடையோடு வந்தார். மகள் தலை குளித்து, நல்ல உடை உடுத்தி, தோட்டத்துக்கு எவளாவது நல்ல உடை உடுத்துவாளா, அப்படி வந்து நின்றாள். உள்ளே அவளுடைய துணியெல்லாம் பெட்டியில் மடித்து வைத்தாகிவிட்டது. அம்மா, "இன்னும் ஒரு மாசம் போகட்டுமே," என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை.

மாப்பிள்ளை கொடியை அறுத்து ஒதுக்கிவிட்டு, வரப்பை ஓரத்திலிருந்து பார்த்துப் பார்த்துத் தோண்டினார். எஞ்சினில் நட்டு கழற்றுகிற பக்குவம். மகள் பக்கத்தில் மண்டியிட்டு மண்ணைக் கையால் அளைந்தாள். சணல் கயிறு மாதிரி வேர் வந்தது. அடுத்ததிலும் வேர்தான். அதற்கடுத்ததில் சுண்டுவிரல் தடிமனில் ஏதோ வந்தது, அதுவும் வேர்தான். கடைசிச் செடி வரை தோண்டிவிட்டார். அதற்குப் பிறகும் தோண்டினார். மகள்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்க. இல்ல."

"நான்தான்டி!" அம்மா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் பண்ணேன். நீ தூக்கி விடச் சொன்ன, நான் தூக்கல. வேர் அறுந்துச்சு, மனசு கேக்கல. மண்ணைப் போட்டு அழுத்தி வெச்சேன். தூக்கினேன் தூக்கினேன்னு உங்கிட்ட பொய் சொன்னேன். உன் கையில ஒண்ணும் தப்பில்லடி. சத்தியமா நான்தான் கெடுத்தேன்."

மகள் அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

"முதல் தடவை மாடிப்படி. ரெண்டாவது தடவை உன் வாய். மூணாவது மிஷின். இப்ப கொடியா? எத்தனையத்தான்மா உன் தலையிலயே போட்டுக்குவ?"

"அதெல்லாம் உனக்காகச் சொன்னது. இது நெஜம்."

"அப்பவும் நெஜம்னுதான் சொன்ன."

அம்மா மண்ணைப் பறண்டினாள். அறுத்துப் போட்ட கொடிகளைக் கிளறி, எங்கோ சிக்கியிருந்த ஒரு கொண்டை ஊசியை எடுத்து நீட்டினாள். துருப்பிடித்திருந்தது. "பாரு. இதை வெச்சுத்தான் குத்தி வெச்சேன். பாருடி."

"உன் ஊசி உதிராத இடம் இந்த வீட்டுல எங்கம்மா இருக்கு?" என்றாள் மகள். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். புருஷனிடம், "நீங்க கிளம்புங்க. நான் சொன்னது சொன்னதுதான். நல்லபடியா இருங்க," என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். அறைக் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

மாப்பிள்ளை களைக்கொத்தைப் பிடித்தபடி நின்றார். "அத்தை... நெஜமாவா?"

"நெஜம் தம்பி. என் பொண்ணு மேல சத்தியம்."

அவர் கதவருகே ஓடினார். தட்டினார். "இந்தா, கேளு. அத்தை சொல்றது நெஜமாத்தான். சத்தியம் பண்றாங்க."

"அவங்களை உங்களுக்குத் தெரியாது," என்றது உள்ளேயிருந்து.

அம்மா அவரை விலக்கிவிட்டு, மண்ணுக் கையோடு கதவில் நெற்றியை வைத்து நின்றாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். படக்கென்று வேர் அறுந்ததையும், பிடி மண் போட்டதையும், பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், மண் வெடித்தது என்று புளுகியதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். வாழ்நாளில் ஒரு விஷயத்தை அவள் இவ்வளவு நேர்மையாகச் சொன்னதே இல்லை. சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

"சரிம்மா," என்றாள் மகள் உள்ளேயிருந்து. "நீதான். நம்பறேன். அழாத. போய் கையைக் கழுவிட்டு சாப்பிடு."

அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில்தான் அதைச் சொன்னாள்.