கடைசி வரிக்கான இடம்

ஆக்ஸிஜன் மெஷினின் பொத்தானை மகள் தொடப்போகையில், "அணைக்காதம்மா" என்றார் டிரம்மர்.

அப்பாவின் உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணன் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். மூக்குக் குழாய் தலையணைமேல் கிடந்து வெறுமனே ஊதிக்கொண்டிருந்தது.

"இனி யாருக்கு மாமா ஓடணும்?"

அவர் ஜன்னலோரம் நின்ற மைக்கைப் பார்த்தார்.

அப்பா நாற்பது வருடம் பாடிய ராக் குழு. பாத்திரக் கடைக்குள் பூனை புகுந்த சத்தம் என்று அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோராவது ஆல்பத்தை அப்பாவின் படுக்கையறையிலேயே பதிவு செய்தார்கள். எதைப் பாடினாலும் பின்னால் மெஷின் இரைந்தது. ஒலிப்பதிவுக்காரி அதை வடிகட்டப் பார்த்து ஓய்ந்துபோனாள். அதுவும் நம்ம ஆள்தான், உன்னைப்போலத் தாளம் தப்பாது என்று அப்பா டிரம்மரைச் சீண்டினார். அன்றிலிருந்து கிட்டாரை அந்த இரைச்சலுக்கே சுருதி சேர்த்தார்கள்.

நேற்று மாலை, கடைசிப் பாட்டில் கடைசி வரி மட்டும் பாக்கி. அப்பாவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் எண்பத்தொன்று என்று காட்டியது. இன்னும் ஒரே ஒரு தடவை என்று விரலை உயர்த்தினார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரையும் கிளப்பிவிட்டவள் மகள்தான். அவர் கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். காலையில் அப்படியே இருந்தார்.

மைக்குக்குப் பக்கத்தில் நின்ற ஒலிப்பதிவுக்காரி தயங்கித் தயங்கி விளக்கினாள். வெட்டி ஒட்டும் இடங்களை நிரப்ப, யாரும் பேசாத அறையின் சத்தம் அரை நிமிடம் வேண்டும். வேலை முடிந்ததும் எடுப்பது. நேற்று எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள். பாடாத வரியின் இடத்தில் போடவும் அதுதான் இருக்கிறது. மதியம் வாடகைக் கடையிலிருந்து மெஷினை எடுத்துப்போக வந்துவிடுவார்கள்.

"அந்த வரிய நீங்க பாடிடலாமே மாமா."

"எந்திரிச்சு வந்து அடிப்பான்." சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நான் பாட மாட்டேன்மா."

"நேத்து நான் விட்டிருந்தா பாடியிருப்பாரு."

டிரம்மர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாடியிருப்பான்" என்றார்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்காரப்போய், அது கிரீச்சிடும் என்பதால் நின்றுகொண்டாள். வெளியே போய்விடட்டுமா என்று கேட்டாள். இருக்கலாம், மூச்சுகூடக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் என்றாள் ஒலிப்பதிவுக்காரி.

முதல் தடவை யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள். மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்து நின்றார்கள். இருபது நொடி தாண்டியிருக்கும். டிரம்மர் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையையும் மீறி ஒரு சத்தம் வந்தது.

ஒலிப்பதிவுக்காரி நிறுத்தக் கையை நீட்டினாள்.

மகள் வேண்டாமென்று தலையசைத்தாள்.