பதினைந்து கோடு மழை

மம்சாபுரம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் சண்முகத்தாய்க்கு அடுப்பில் ஒரு கண், இரண்டாம் வகுப்பில் ஒரு கண். சமையல்கூடத்து ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த வகுப்பு. பியூலா டீச்சர் அங்கே நடத்துவதைப் பாடம் என்பதா, திருவிழா என்பதா என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒரு நாள் பிள்ளைகள் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுவார்கள். இன்னொரு நாள் கொடிக்கம்பத்து நிழலுக்குச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, மணிக்கொரு தடவை ஓடிப்போய் அது எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். தான் இரண்டாம் வகுப்பில் படித்தபோது வாத்தியார் கைப்பிரம்பைத் தவிர வேறெதுவும் நகர்ந்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

செப்டம்பரில் டீச்சர் மழையை அளக்கச் சொன்னார். தண்ணீர் பாட்டிலின் தலையை வெட்டி, அதையே புனல் மாதிரிக் கவிழ்த்து வைத்து, பக்கவாட்டில் கோடு கோடாக எண் எழுதிய காகிதத்தை ஒட்டினார்கள். குழாயடிக்குப் பக்கத்தில் திறந்த வெளியில் அது நின்றது. தினமும் காலையில் பிள்ளைகள் மண்டியிட்டு, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்து, சுவரில் தொங்கும் பெரிய அட்டையில் எழுத வேண்டும்.

மழைதான் வரவில்லை. இருபத்திரண்டு நாள் அட்டையில் வரிசையாக முட்டை. "இல்லைன்னு எழுதுறதும் கணக்குதான்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். பிள்ளைகளும் ஏதோ புதையலை எண்ணுகிற மாதிரி அந்த முட்டையை அத்தனை அழகாக வட்டம் போட்டு எழுதினார்கள்.

சண்முகத்தாய்க்குத்தான் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் இந்த வகுப்பைப் பார்க்க வருகிறார்கள். வருகிறவர்கள் இத்தனை முட்டையைப் பார்த்தால் டீச்சரைப் பற்றி என்ன நினைப்பார்கள்? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அக்கம்பக்கம் பார்த்தாள். டம்ளரில் தண்ணீர் பிடித்து பாட்டிலில் ஊற்றினாள். நல்லது செய்த நிம்மதியோடு வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை காலையில் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் வகுப்பின் கூரையே பிய்த்துக்கொண்டது. பதினைந்து கோடு! ஜன்னலில் நின்று சண்முகத்தாய் பூரித்துப்போனாள். அந்தப் பூரிப்பு கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

"டீச்சர், பாட்டிலைச் சுத்தி மண்ணு காஞ்சு கெடக்கு" என்றாள் ஷெரின். ஏழு வயதுதான், வக்கீல் தோற்றுவிடுவார்.

"எங்க தெருவுல பெய்யலை" என்றது ஒரு குரல். "எங்க தெருவுலயும் இல்லை" என்றது இன்னொன்று. தெருவுக்குத் தெரு கைதூக்கச் சொல்லி எண்ணினார்கள். மழை பெய்த தெரு ஒன்றுகூட இல்லை.

ஷெரின் மறுபடியும் பாட்டிலுக்குள் கண்ணை விட்டாள். "டீச்சர், மழையில கடுகு வருமா?"

சண்முகத்தாய் ஜன்னலை விட்டு ஒதுங்கினாள். கழுவியும் கழுவாமலும் இருந்த டம்ளர் அது.

அந்த வாரம் பாட்டிலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பாண்டிசெல்விக்கு. மழை வர வேண்டும் என்று தினமும் சாமி கும்பிட்டுவிட்டு வருகிறவள். "இவதான் டீச்சர். நேத்து தட்டைக் கழுவிட்டு அந்தப் பக்கமா வந்தா" என்றாள் ஷெரின்.

"ஊத்துனதைப் பார்த்தியா?"

"பாக்கலை."

"பார்க்காததை எழுதலாமா?"

"எழுதக் கூடாது டீச்சர்."

அட்டையில் பதினைந்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு டீச்சர் அத்தோடு நிறுத்திவிட்டார். ஆனால் முப்பது ஜோடிக் கண்களை யார் நிறுத்துவது? மத்தியானம் பாண்டிசெல்வி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் தட்டில் வைத்த முட்டை வைத்தபடியே இருந்தது.

"சாப்பிடு தாயி" என்றாள் சண்முகத்தாய்.

"நான் ஊத்தலை ஆயாம்மா" என்றது அது.

சண்முகத்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள். சொன்னால் மானம் போகும். ஆயாம்மா ஆயாம்மா என்று காலைச் சுற்றுகிற பிள்ளைகள் நாளைக்கு எந்த முகத்தோடு பார்ப்பார்கள்? சொல்லாவிட்டால் இந்தப் பிஞ்சு பொய்க்காரி என்ற பேரோடு மூன்றாம் வகுப்புக்குப் போகும். மணி அடித்துப் பிள்ளைகள் உள்ளே போனதும், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேரே வகுப்புக்குள் போய் நின்றாள்.

"நாந்தான் ஊத்துனேன் டீச்சர். பிள்ளைக அம்புட்டு நாளா வெறும் பாட்டிலையே பாத்துக்கிட்டு இருக்குதுகளேன்னு... வாரவிய முன்னால நீங்க தலைகுனிஞ்சிரக் கூடாதேன்னு... புத்தி கெட்டுப்போச்சு."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. ஷெரின்தான் எழுந்தாள்.

"ஆயாம்மா சும்மா சொல்லுதாவ டீச்சர். பாண்டிசெல்வி அழுதான்னு அவளைக் காப்பாத்தச் சொல்லுதாவ. அவிய எப்பவுமே அப்பிடித்தான்."

எல்லாத் தலையும் ஆமாம் என்று ஆடியது. சண்முகத்தாய்க்குத் தூக்கிவாரிப்போட்டது. பொய் சொன்னால் நம்புகிற ஊரில், உண்மையைச் சொன்ன அன்றைக்குப் பார்த்து ஒருத்தரும் நம்பவில்லை!

பியூலா டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி. ஆயாம்மா சொல்றது நிஜமா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

யோசித்தார்கள். முனகினார்கள். கடைசியில் பாண்டிசெல்வியே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அதே டம்ளர்ல மறுபடி ஊத்தச் சொல்லுவோம் டீச்சர். பதினஞ்சு வந்தா நிசம்."

பாட்டிலைக் காலி செய்தார்கள். வகுப்பு முழுக்கக் குழாயடியில் வட்டம் கட்டியது. சண்முகத்தாய் டம்ளரைத் தளும்பத் தளும்பப் பிடித்து ஊற்றினாள். ஷெரின் மண்டியிட்டுப் பார்த்தாள்.

"பத்து."

வட்டம் பெருமூச்சு விட்டது. பாண்டிசெல்வியின் உதடு மறுபடியும் பிதுங்கியது. ஆயிரம் பேருக்கு உலை வைத்த நாளில்கூட சண்முகத்தாய் இப்படி வேர்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தில் போய் நின்றாள். குழாய், டம்ளர், பாட்டில். ஊற்றியபோது பாதிப் பாட்டில்கூட நிரம்பவில்லை. இது என்ன பிசுநாறி மழை என்று தோன்றியது. பிறகு...

"செத்த நேரம் பொறுங்க! பத்தலைன்னு பொறவு அரை டம்ளர் ஊத்துனேன். மறந்துட்டேன்."

அரை டம்ளரை எப்படி அளப்பது என்று அதற்கு ஒரு விவாதம். விரலை வைத்துப் பார்த்து, இரண்டு பேர் ஒத்துக்கொண்ட பிறகுதான் ஊற்ற விட்டார்கள். தண்ணீர் மெல்ல ஏறி, கோட்டைத் தொட்டு நின்றது.

"பதினஞ்சு!"

பாண்டிசெல்வி ஓடிவந்து சண்முகத்தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஷெரின் எல்லோர் முன்னாலும் போய் பாண்டிசெல்வியிடம், "நான் பாக்காமச் சொல்லிட்டேன்" என்றாள். யாரும் சொல்லித்தராமல் அதுவாகவே சொன்னது. அந்த இடத்தில் சண்முகத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆசிரியர்கள் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் அட்டையை விரலால் தடவிக்கொண்டே வந்து புதன்கிழமையில் நின்றார். கோணல்மாணலான எழுத்தில் அங்கே இருந்தது: மழை 0. ஆயாம்மா ஊற்றியது 15.

ஜன்னலுக்குப் பின்னால் சண்முகத்தாய் அடுப்போடு அடுப்பாக ஒடுங்கினாள்.

"இதை அழிச்சிட்டு வெறும் பூஜ்யம் போட்டிருக்கலாமே?" என்றார் அவர்.

"அன்னைக்கு அப்பிடித்தான நடந்துச்சு சார்" என்றாள் பாண்டிசெல்வி.

"அவங்கதான் ஊத்துனாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவியளே சொன்னாவ. நாங்க நம்பலை. பொறவு அளந்து பாத்தோம். அவிய சொன்னது நிசம் சார்."

சண்முகத்தாய் சாம்பாரைக் கிண்டுவதை நிறுத்திவிட்டாள். நாற்பத்தாறு வயதில் அவள் பேச்சைக் காதில் வாங்காமல் போனவர்கள் உண்டு, தலையாட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. உண்மையா என்று இவ்வளவு அக்கறையாக உட்கார்ந்து அளந்து பார்த்தவர்கள், இந்த முப்பது பேர்தான்.