மூன்றாம் கிடங்கின் ஆணி

கென்டக்கி மாநிலத்தின் நடுவே, சுண்ணாம்புப் பாறைகளின் இடுக்கில் ஊறி, இரும்பின் கறை சிறிதும் இன்றித் தெளிந்து வரும் நீர் பிரானக் ஓடை என்னும் பெயரோடு குன்றுகளைச் சுற்றி வளைந்து ஓட, அதன் கரையில் மேப்பிள் மரங்கள் செம்மையும் பொன்மையும் பூண்டு நிற்க, அறுவடை முடிந்த மக்காச்சோளக் கொல்லைகளின் மேல் காக்கைகள் வட்டமிட, ஐப்பசித் திங்களின் ஒரு சனிக்கிழமை புலர்ந்து ஐந்து நாழிகை ஆகியிருந்தது. ஓடையை ஒட்டிய மரங்கள் மட்டும் அடிமுதல் நுனிவரை கரி பூசியவைபோல் கறுத்திருந்தன. அதை நெருப்பின் வேலை என்று புதியவர் எண்ணுவர். கிடங்குகளில் ஆண்டுக்கணக்கில் உறங்கும் மிடாக்கள் என்னும் மரப் பீப்பாய்களிலிருந்து ஆவியாய்ப் பறந்துபோகும் மதுவை அவ்வூரார் வானவர் பங்கு என்பர். வானவர் பருகி மிஞ்சியதை உண்டு தழைக்கும் பூஞ்சையே அந்தக் கருமை. ஒரு துளியும் குடியாத மரங்கள் ஊரறியப் பழி சுமந்து நிற்பது அங்கேதான்.

நண்பீர், பிரானக் குடியின் போர்பன் மதுவுக்கு நூற்றிருபத்தைந்து ஆண்டு வரலாறு உண்டு. அதைத் தொடங்கிய அலோசியஸ் பிரானக், விளைந்த சோளத்தைச் சந்தைக்குக் கொண்டுசெல்லச் சாலை இல்லாமையால் அதைக் காய்ச்சி வடிக்கத் தொடங்கியவன். பாதிக்கு மேல் மக்காச்சோளமும், காரத்துக்கு ரை என்னும் தானியமும், முளைகட்டிய வாற்கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைத்து, செம்புக் கலத்தில் வடித்து, உட்புறம் தீயிட்டுக் கருக்கிய புது ஓக் மர மிடாவில் ஊற்றி அடைத்தான். அதுவே முதல் வகை. நாடெங்கும் மதுவை விலக்கிய பதின்மூன்று ஆண்டுகளில் அவன் மகன் பன்றி வளர்த்துப் பிழைத்தான். அந்தப் பன்றிகளுக்கு அக்குடும்பத்தார் இன்றும் நன்றி மறக்கவில்லை. விருந்துக்கு விருந்து அவற்றின் வழித்தோன்றல்களை உண்டு நினைவுகூர்கின்றனர். மீண்டும் அடுப்பு மூட்டிய ஆண்டில் ரை கிடைக்காமல் போகவே கோதுமையைக் கலக்க, தேன்போல் மென்மையான இரண்டாம் வகை பிறந்தது. மூன்றாம் வகையோ எவரும் செய்யாமல் தானே விளைந்தது. ஏழு தளம் கொண்ட மூன்றாம் கிடங்கில், குளிர்ந்த கீழ்த்தளத்து மது பன்னிரண்டு ஆண்டு பொறுமையாய் முதிர்ந்தது. தெற்குக் கூரையடியில் வெயில் வாங்கிய மிடாக்களோ ஏழே ஆண்டில் கறுத்து, இறுகி, நாவைச் சுட்டுப் பின் இனித்தன. அதற்குத் தென்கூரை என்று பெயர்.

அந்தக் கிடங்கைக் கட்டிய அலோசியஸ் ஒரு முறைமையையும் வகுத்திருந்தான். மரப்பரண்களே கிடங்கின் எலும்பு. மிடாக்களின் பாரமே அதன் நிலை. ஆதலால் தெற்கில் ஒன்றை எடுத்தால் வடக்கிலும் அதே தளத்தில் ஒன்றை எடுக்க வேண்டும். இல்லையேல் எடுத்த இடத்தில் நிறைமிடா ஒன்றை வைக்க வேண்டும். நிலையைக் காட்ட, கூரையின் நடுவிலிருந்து தரைவரை ஒரு கம்பியில் ஈயத் தூக்குக்குண்டு தொங்கியது. அதன் முனைக்கு நேர் கீழே, தரையில் பதித்த ஓக் கட்டையில் ஒரு பித்தளை ஆணி. குண்டு ஆணியை விட்டு ஒரு விரல் விலகினால் கிடங்கைக் காலி செய்யத் தொடங்கு. இரண்டு விரல் என்றால் எவரும் உள்ளே நுழையலாகாது. இவ்வளவுதான் சட்டம், அதை நான்கு தலைமுறை காத்தது.

இப்போது குடிக்கு உரியவர் இருவர். மூத்தவள் பெர்னடெட், ஐம்பத்து நான்கு அகவை; மது வடிப்பதும் திங்கள்தோறும் குண்டைப் பார்ப்பதும் அவள் பொறுப்பு. இளையவன் லியோ விற்பவன். பேச்சில் கல்லையும் சிரிக்கவைப்பவன். தென்கூரைக்கு நகரங்களில் மயங்காதவர் இல்லை என்று ஆனதும், நான்கு ஆண்டாக அவன் தெற்கு மேல்தளங்களிலிருந்தே மிடாக்களை இறக்கினான். வடக்கில் எடுக்கவும் இல்லை, தெற்கில் நிரப்பவும் இல்லை. தந்தை அம்புரோஸ் படுத்த படுக்கையாய் இருந்ததால் கேட்பாரும் இல்லை. மாசியில் தந்தையைப் புதைத்துவிட்டுத் திரும்பும் வழியில் லியோ ஒன்று சொன்னான்: இந்த ஆண்டுத் தென்கூரை தடைப்பட்டால், கடல்கடந்த பெருநிறுவனத்துக்கு எல்லாவற்றையும் விற்றுவிடுவதைத் தவிர வழியில்லை என்று.

சூன் திங்களில் பெர்னடெட் குனிந்து பார்த்தபோது குண்டு வடக்கே இரண்டு விரல் விலகியிருந்தது. மே திங்களில் தந்தையின் நினைவு வாட்ட அவள் பார்க்க மறந்திருந்தாள். சட்டப்படி கதவைச் சாத்த வேண்டும். சாத்தினால் தென்கூரை இல்லை. தென்கூரை இல்லையேல் பிரானக் என்னும் பெயரே வேறொருவன் கைக்குப் போய்விடும். அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஆணியைப் பிடுங்கிக் குண்டுக்கு நேர் கீழே அடித்தாள். பழைய துளையில் மெழுகை அடைத்துக் கரியைப் பூசினாள். அறுவடைக்குள் வடக்குப் பாரத்தைக் குறைத்து எல்லாவற்றையும் நேராக்கிவிடலாம் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். குறைக்கவும் செய்தாள், பத்து மிடா, பன்னிரண்டு மிடா என்று. லியோவோ அதே விரைவில் தெற்கை வெறுமையாக்கினான். அவள் தீயவள் அல்லள். ஆயினும் அவள் செய்ததற்கு வஞ்சனை என்பதன்றி வேறு பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை, தங்களுக்கென மிடாவைச் சுவைத்துத் தேர்ந்துகொள்ள நகரத்திலிருந்து இருபத்திரண்டு விருந்தினர் வந்திருந்தனர். முற்றத்தில் அவர்கள் உப்பிட்ட பன்றித்தொடைக் கறி வைத்த சிற்றுரொட்டியைத் தின்றுகொண்டிருக்க, கிடங்குத் தலைவன் ராஸ்கோ கையைத் துடைத்தபடி வந்தான். முப்பத்தோர் ஆண்டாக அங்கே உழைப்பவன். பெர்னடெட்டோடு ஒரே பள்ளியில் ஒரே வாங்குப்பலகையில் அமர்ந்து படித்தவன்.

"லியோ, இன்னைக்கு மேல யாரையும் ஏத்த வேணாம். குண்டு ஆணிய விட்டு ஒரு விரல் வடக்க போயிருக்கு."

"ஒரு விரலா? அடப் போப்பா! வெள்ளிக்கிழமையானா நானே ரெண்டு விரல் சாஞ்சுதான் வீட்டுக்குப் போறேன். என்னை யாராவது காலி பண்ணச் சொன்னாங்களா?"

"உன்னைக் காலி பண்ணணும்னா மொதல்ல உள்ள ஏதாவது இருக்கணுமே."

விருந்தினர் கொல்லென்று சிரித்தனர். லியோவும் சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பாருப்பா, ராத்திரியே கெளம்பி ஆறு மணி நேரம் பஸ்ல வந்திருக்காங்க. மேல போயி நாலு பீப்பாவ மோந்து பாத்துட்டு எறங்கிடுவாங்க. திங்கக்கிழமை காலி பண்ண ஆரம்பிச்சுடலாம், சத்தியமா. அதுக்குள்ள ஒரு விரல் ஒரு முழமாயிடுமா?"

ராஸ்கோ தலையைச் சொறிந்தான். ஒரு விரல் என்பது காலி செய்யும் நேரமேயன்றி ஓடும் நேரம் அன்று. காலி செய்பவனும் உள்ளே போகத்தானே வேண்டும்? "டெல்லா ஏற்கெனவே மேல போயி கண்ணாடிக் குவளையெல்லாம் அடுக்கிட்டிருக்கா," என்றான். டெல்லா அவன் மகள். கோடை முழுவதும் அவனோடு மேல்தளத்தில் மிடா உருட்டியவள். பிறகு பெர்னடெட்டின் பக்கம் திரும்பினான். "நீ என்ன சொல்ற, பெர்னி? குண்டு உன் பொறுப்பு. நீ சரின்னா சரி."

அந்தக் கேள்வியில் ஐயம் ஒரு துளியும் இல்லை. அதுவே அவளைக் கொன்றது. ஏழாம் தளத்துச் சாளரத்தின் பின் டெல்லாவின் சிவப்புச் சட்டை அசைவதை அவள் கண்டாள்.

"ஒரு விரல் இல்ல, ராஸ்கோ. மூணு."

"இப்பதான அளந்துட்டு வர்றேன்?"

"ஆணிய நான் நகத்திட்டேன். ஜூன்ல. ரெண்டு விரல்."

"அக்கா, வெளாடாத," என்றான் லியோ.

ராஸ்கோ திரும்பி ஓடினான். பெர்னடெட் அவன் பின்னே ஓடினாள். இருண்ட கிடங்கில், இனிப்பும் புகையும் கலந்த அந்தப் பழைய மணத்தின் நடுவே நின்று அவன் மேல்நோக்கிக் கூவினான்: "டெல்லா! எல்லாத்தையும் போட்டுட்டு எறங்கு. ஓடாத, நடந்து வா. தெற்குப் படி வழியா வா." மகளின் காலடி ஏழாம் தளத்திலிருந்து ஒவ்வொரு தளமாக இறங்கிவரும் ஓசை கேட்டது. அந்த இடைப்பொழுதில் அவன் மண்டியிட்டு, சட்டைப்பையிலிருந்த கத்தியின் முனையால் ஓக் கட்டையைச் சுரண்டினான். கரி உதிர்ந்தது, மெழுகு பெயர்ந்தது, பழைய துளை கண் திறந்தது.

"வடக்குக் கதவு சிக்குதுன்னு சொன்னேன்ல," என்றான் தலை நிமிராமல்.

"சொன்ன."

"கதவு ஓரத்த மூணு தடவ எழைச்சேன். குண்டு ஆணி மேலயே நிக்குது, அப்ப கதவுதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். மூணு தடவ எழைச்சிட்டு எம் பொண்ண மேல அனுப்பினேன்."

டெல்லா கடைசிப் படியில் கால் வைத்ததும் அவன் அவள் கையைப் பற்றிக்கொண்டு வெளியேறினான். பெர்னடெட்டை நோக்கி, "வாங்க வெளிய," என்றான். ஆறு அகவை முதல் நீ என்றே அழைத்தவன் அவன்.

பேருந்து குன்றுக்கு அப்பால் அனுப்பப்பட்டது. எவரும் ஓடையைக் கடந்து வரலாகாது என்று கயிறு கட்டப்பட்டது. நண்பகல் கழிந்து ஒரு மணிக்கு, காற்று ஓர் இலையைக்கூட அசைக்காத வேளையில், மூன்றாம் கிடங்கு வடக்கே தலை சாய்த்தது. முதலில் ஒரு நீண்ட முனகல். அதன்பின் ஒன்பதாயிரம் மிடாக்கள் ஒன்றையொன்று நொறுக்கிக்கொண்டு உருண்ட பேரோசை. கார வகையும், மென்மை வகையும், பன்னிரண்டாண்டுப் பொறுமையும், ஏழாண்டு வெயிலும் தம்முள் வேற்றுமை இன்றிக் கலந்து பொன்னிறமாய்ச் சரிவில் இறங்கி ஓடையை அடைந்தன. மாலைக்குள் மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. லியோ கயிற்றருகே அமர்ந்து குழந்தைபோல் அழுதான்.

கேள்வி கேட்க அரசு அலுவலர் வந்தபோது, "மழை மண்ண எளக்கிடுச்சுன்னு சொல்லிடலாம்க்கா, யாரும் சாகலையே," என்று அவன் கெஞ்சினான். அவள் மழையைச் சொல்லவில்லை. ஆணியைச் சொன்னாள், சூன் திங்களைச் சொன்னாள், மெழுகையும் கரியையும் சொன்னாள். இடிந்த மரத்துக்குள் தேடிக் கட்டையைக் கண்டெடுத்து இரண்டு துளைகளையும் காட்டினாள். ஊர் ஏசியது. கோவிலில் அவள் அமர்ந்த வரிசையில் பல ஞாயிறுகள் எவரும் அமரவில்லை. லியோ பெருநிறுவனத்துக்கு விற்கவில்லை, விற்க முகம் இல்லை. தென்கூரை என்னும் பெயரை அவனே அழித்தான்.

இரண்டாண்டு கழித்து அதே இடத்தில் மூன்றே தளங்களோடு புதுக்கிடங்கு எழுந்தது. வரமாட்டான் என்று எல்லாரும் எண்ணிய ராஸ்கோ வந்தான். "பீப்பா மேல எனக்கு என்ன கோவம்?" என்றானாம். டெல்லா வரவில்லை. புது ஆணியை அவனே அடித்தான். அன்றே சுவரிலிருந்து அந்த ஆணிவரை ஒரு நூலை இழுத்து, சரியாக அவ்விடத்தில் முடிச்சு ஒன்றைப் போட்டு, நூலைச் சுருட்டித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஒருமுறை சாய்ந்த கட்டடத்தை மீண்டும் எழுப்பக் கல்லும் மரமும் போதும். சாய்ந்த நம்பிக்கைக்கு என்ன வேண்டும் என்பதைப் பிரானக் குடியில் எவரும் இதுவரை கண்டறியவில்லை. பெர்னடெட் நாள்தோறும் காலையில் கிடங்கின் வாயிலுக்கு வருகிறாள். "கொஞ்சம் இருங்கம்மா," என்று சொல்லிவிட்டு ராஸ்கோ உள்ளே போய், மண்டியிட்டு, தன் நூலைச் சுவரிலிருந்து ஆணிவரை இழுத்துப் பார்க்கிறான். முடிச்சு ஆணியின் மேல் சரியாகவே அமர்கிறது. நேற்றும் அமர்ந்தது, முந்தாநாளும் அமர்ந்தது. அவள் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. அவன் நூலைச் சுருட்டி எழுந்து தலையசைக்கும்வரை, கறுத்த மரங்களின் அடியில், வாயிற்படிக்கு வெளியே நிற்கிறாள்.