உப்புப் போட்டு வறுத்த காய்

இறந்துபோன கணவன் உபால்தோவின் கண்களை மூடிவிட்டு வந்த கையோடு மெல்பா அடுப்படிக் குப்பைக் கூடையைக் கிளறினாள். காலையில் உரித்த வாழைக்காய்த் தோல் மேலாகவே பச்சைப்பசேலென்று கிடந்தது. அதைப் பழைய செய்தித்தாளில் சுருட்டிக் காபிச் சக்கைக்கு அடியில் அமுக்கினாள். இரண்டு வருடமாக அந்த வீட்டுக் குப்பையில் பச்சைத் தோல் விழுந்ததில்லை. செனைதா பார்த்துவிட்டால் வேறு எதையும் சொல்லவே வேண்டியிருக்காது.

செனைதா உபால்தோவின் அக்கா. பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறிவிட்டதாகப் போன் செய்திருந்தாள். தம்பிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்க உடம்பும் பாதித் தொண்டையும் செத்துப்போனபோது, ஆஸ்பத்திரியில் சொன்னதையெல்லாம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியவள் அவள்தான். உப்பு கூடாது. எண்ணெய் கூடாது. மசிக்காத எதுவும் கூடாது.

அவர்கள் ஊரான சோனேயில் வாழைக்காய் இல்லாத காலைச் சாப்பாட்டைச் சாப்பாடு என்றே யாரும் சொல்வதில்லை. உபால்தோ நாற்பது வருடம் லாரி ஓட்டியதே அந்தத் தெம்பில்தான். பக்கவாதத்துக்குப் பிறகு அவனுக்குப் பழம் மட்டுமே என்றானது. மெல்பா சந்தையில் நன்றாகத் திரண்ட காயாகப் பொறுக்கி வாங்கி வருவாள். தாளில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்துக் கூடையில் வைப்பாள். மஞ்சளானால் போதாது, தோல் முழுக்கக் கறுத்துத் தொட்டால் அமுங்க வேண்டும். அப்போதுதான் வேகவைத்து, நாரை உருவிவிட்டுக் கூழாக மசிக்க வரும். விரல்நீள ஒரித்தோ பழம்கூட வழுக்கிக்கொண்டு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்று வீட்டுக்குள் வராமல் போயிற்று. அடுத்த வீட்டில் காய் வறுபடும் வாசம் வந்தால் மெல்பா ஜன்னலைச் சாத்திவிடுவாள். அவளும் அதைத் தின்பதை விட்டுவிட்டாள்.

இன்று காலை கூடையில் பழுக்காத காய் ஒன்று மிஞ்சியிருந்தது. உபால்தோ அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வாரக்கணக்கில் குழறலைத் தவிர எதுவும் வராத வாயிலிருந்து ஒரு சொல் தெளிவாக வந்தது.

"வறு."

"உனக்கா? தொண்டையில சிக்கிச்சுன்னா உங்க அக்கா என் தோலை உரிச்சிருவா."

"உப்பு," என்றான்.

அவள் சிரித்தாள். பிறகு எழுந்துபோய் எண்ணெய் வைத்தாள். கட்டைவிரல் கனத்துக்குத் துண்டு போட்டு, பாதி வெந்ததும் எடுத்துத் தட்டையாக அமுக்கி, மறுபடி எண்ணெயில் போட்டுப் பொன்னிறத்தில் எடுத்தாள். சூப்பில் ஊறவைத்துத் தரப்போனாள். அவன் கிண்ணத்தைத் தள்ளிவிட்டான். ஒரு துண்டைக் கால்மணி நேரம் மென்றான். முதுகில் தட்டத் தயாராகக் கையை ஓங்கியபடி அவள் அவனுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிவிட்டது. அவன் தூங்கப் படுத்தான். துணி காயப்போட்டுவிட்டு அவள் திரும்பியபோது மூச்சு இல்லை.

செனைதாவும் சான்றிதழ் எழுத வந்த டாக்டரம்மாவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தார்கள். துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு ஆக்கிப்போட செனைதா தன் தோட்டத்து வாழைக்காய் ஒரு சாக்கு கொண்டுவந்திருந்தாள். பழுத்துவிடாமலிருக்க அதை நிழலில் சிமெண்டுத் தரையில் பரத்திவிட்டுத்தான் தம்பியைப் பார்க்கப் போனாள். அழவில்லை. தலைமாட்டில் நின்றாள்.

"காலைல என்ன சாப்பிட்டாரு?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"பழம். மசிச்சது," என்றாள் மெல்பா.

டாக்டரம்மா எழுதத் தொடங்கினாள். எழுதி முடித்துவிட்டால், அந்தக் காய்தான் அவனைக் கொன்றதா என்று மெல்பா இனி எந்நாளும் யாரிடமும் கேட்க முடியாது.

"பொய் சொல்லிட்டேன் டாக்டரம்மா. வறுத்த காய் குடுத்தேன். நான்தான் குடுத்தேன்."

செனைதா நிமிர்ந்து பார்த்தாள். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு டார்ச் அடித்து வாயையும் தொண்டையையும் மறுபடி பார்த்தாள்.

"ஒண்ணும் சிக்கல. சிக்கியிருந்தா திணறியிருப்பாரு, கைகாலை உதறியிருப்பாரு. போர்வைகூடக் கலையலையே. தூக்கத்துலயே இதயம் நின்னிருக்கு. இன்னிக்குக் கூழ் குடுத்திருந்தாலும் நின்னிருக்கும்மா."

டாக்டரம்மா போன பிறகு செனைதா அடுப்படிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மெல்பா சுவரோரமாக நின்றாள்.

"உப்பு போட்டியா?"

"போட்டேன்க்கா."

"நல்லாப் போட்டியா?"

"அவரு கேட்ட அளவுக்கு."

"எத்தனை தின்னான்?"

"ஒண்ணு. முழுசா."

செனைதா கைக்குட்டையெல்லாம் தேடவில்லை. புறங்கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போன மாசம் நீ கடைக்குப் போயிருந்தப்ப என் கையைப் புடிச்சுக் கேட்டான். 'வறு'ன்னான். லிஸ்ட்டைக் காட்டித் திட்டிட்டு வந்துட்டேன். அன்னிலேருந்து ஒரு வாய் ருசியாத் தின்னதில்ல நான்." தரையில் பரத்தியிருந்த காயைக் கைகாட்டினாள். "எழுந்து கத்தியை எடு. ஊரே வரப்போகுது."

இருவரும் கறை பிடிக்காமலிருக்க உப்புத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு உரிக்க உட்கார்ந்தார்கள்.

"இப்படியா கீறுவ? காயோட சதை பாதி தோல்ல போகுது. ரெண்டு வருசத்துல மறந்துட்டியா?"

"நீ உரிச்சதைப் பாரு, பன்னி கடிச்ச மாதிரி இருக்கு."

செனைதா சிரித்துவிட்டாள். கூடத்திலிருந்து யாரோ எட்டிப் பார்க்கவும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான்கு மணிக்குத் தெருப் பெண்கள் ஜெபமாலை சொல்லக் கூடினார்கள். மெல்பா சவப்பெட்டிக்குப் பக்கத்தில், செனைதாவை ஒட்டி உட்கார்ந்தாள். ஜெபமாலையின் இரண்டாவது பத்து ஜெபங்கள் முடிவதற்குள் அவள் தலை செனைதாவின் தோளில் சாய்ந்துவிட்டது. மெல்லிய குறட்டையும் வந்தது. முன்னால் இருந்தவள் ஜெபத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். செனைதா உதட்டில் விரலை வைத்தாள். எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மெல்பாவின் விரல்களிலிருந்து நழுவிய ஜெபமாலையைச் செனைதா எடுத்து, அவள் விட்ட மணியிலிருந்து உருட்டத் தொடங்கினாள்.