யாருக்கும் சொல்லாத ஒன்று

கல்யாண மண்டபத்து மேடையில், மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் கிறிஸ்டினாவை நிற்க வைத்திருந்தார்கள். நெஞ்சில் அறுபத்தொன்று என்று எழுதிய காகிதம் குத்தியிருந்தது. எதிரே கேமரா. அதற்குப் பின்னால் நந்தினி என்ற பெண், சினிமாவுக்கு ஆள் பொறுக்கச் சென்னையிலிருந்து வந்தவள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "பேர், வயசு, ஹைட் சொல்லுங்கக்கா. லெஃப்ட் திரும்புங்க. ரைட். கை ரெண்டையும் காட்டுங்க" என்றாள். கிறிஸ்டினா திரும்பினாள், காட்டினாள். பதினான்கு வருடம் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டிய கை அது. நகக்கண்ணில் பசை ஏறிக் கறுத்துக் கிடந்தது. "சூப்பர் கைக்கா" என்று நந்தினி சொன்னபோது, சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கப்படும் ஆட்டின் நினைப்பு கிறிஸ்டினாவுக்கு வந்தது. ஆனாலும் சிரித்து வைத்தாள்.

தோல் தொழிலாளர்களைப் பற்றிய படம், ஆம்பூர் பக்கத்து முகங்கள் வேண்டும் என்று சர்ச் பாட்டுக் குழுவின் வாட்ஸாப்பில் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு எழுபது எண்பது பெண்கள் பட்டுப் புடவையும் பவுடருமாக மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். சினிமாக்காரர்கள் பார்த்துவிட்டு, "வேலைக்குப் போற மாதிரி வரலாம்ல?" என்று முகம் சுளித்தார்கள். வாரத்தில் ஆறு நாள் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு போகிறவள், ஏழாவது நாளும் அப்படியே வர வேண்டும் என்று எதிர்பார்க்க இவர்களுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ. பந்திக்குக் கை கழுவும் குழாயில் வரிசையாக நின்று பெண்கள் பவுடரைக் கழுவினார்கள். கழுவிய பிறகும் சிலரைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் டயர்டா" என்றார்கள்.

கிறிஸ்டினாவுக்கு நடிப்பு புதிதில்லை. பத்து வருடமாகக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடும் ஏரோது ராஜா அவள்தான். ஆண்களுக்கு அந்தச் சத்தம் வரவில்லை என்று போதகரே ஒட்டுத் தாடியை அவளிடம் கொடுத்தார். "குழந்தைகளைக் கொல்லுங்கள்!" என்று அவள் கத்தினால் முன்வரிசைப் பிள்ளைகள் நிஜமாகவே அழும். மெஷினில் குனிந்தே தேய்ந்து போகிற தன் முகத்தை யாராவது ஒருநாள் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குள் வெகுநாளாகக் கிடந்த ஆசை. புருஷனிடம்கூட அதைச் சொன்னதில்லை. முதலாளியை எதிர்த்துப் பேசும் ஒரு பெண்ணின் வசனத்தைக் கையில் கொடுத்ததும் அரை மணியில் மனப்பாடம் செய்து, ஏரோதுவின் குரலில் பொரிந்து தள்ளினாள்.

நந்தினி உதட்டைப் பிதுக்கினாள். "டிராமா வேணாம்கா. கண்ணுல வரணும். எங்க, அழுங்க பாக்கலாம்."

அவளுக்கு முன்னால் வந்த அறுபது பேரும் அழுதிருந்தார்கள். செத்த புருஷனை நினைத்து ஒருத்தி, உயிரோடு இருக்கும் புருஷனை நினைத்து ஒருத்தி. கிறிஸ்டினாவுக்கு வரவில்லை. கண்ணைக் கசக்கிப் பார்த்தாள், செத்துப்போன அப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்தாள், ஒரு சொட்டு வரவில்லை. நந்தினி கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த நம்பரைக் கூப்பிட வாயெடுத்தவள், என்ன நினைத்தாளோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "உங்க கம்பெனில நெஜமா நடந்தது ஒண்ணு சொல்லுங்க. யாருக்கும் சொல்லாத ஒண்ணு."

கிறிஸ்டினா சொன்னாள்.

கம்பெனியில் ஒரு லைனுக்கு நாற்பது பெண்கள். நாற்பது பேருக்கும் பாத்ரூம் போக ஒரே ஒரு டோக்கன், சூப்பர்வைசர் மேசைக்கு மேலே ஆணியில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் அட்டை. போனவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். போன ஏப்ரலில், ஏற்றுமதிக்குச் சரக்கு போக வேண்டிய நாளில், அவளுக்குப் பக்கத்தில், ஷூ கயிறு நுழையும் ஓட்டைக்கு வளையம் அடிக்கும் ஐலெட் மெஷின் போடும் அக்கா மூன்று தரம் எழுந்து கேட்டாள். சர்க்கரை நோய்க்காரி. மூன்று தரமும் "போனவ வரட்டும், உக்காரும்மா" என்றுதான் பதில் வந்தது. நான்காவது தரம் அவள் எழுந்திருக்கவில்லை. ஸ்டூலில் அப்படியே குனிந்து உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஈரம் பரவுவதைக் கிறிஸ்டினா பார்த்தாள். யோசிக்கவே இல்லை. தன்னுடைய இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முழங்கையால் தட்டிவிட்டாள். ஸ்டூல், தரை, தைத்து வைத்திருந்த சுவேட் தோல் எல்லாம் நனைந்தன. சுவேடில் தண்ணீர் பட்டால் கறை போகாது. அவளுக்கு மெமோ கொடுத்தார்கள், நாள் முழுக்க லைனுக்கு வெளியே நிற்க வைத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அந்த அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது நம்ம ரெண்டு பேரோட போவட்டும்டி" என்றாள். தான் இறங்கும் மின்னூர் வரும்வரை கையை விடவில்லை.

சொல்லி முடித்தபோது கிறிஸ்டினாவின் கன்னம் நனைந்திருந்தது. நந்தினியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மண்டபமே கப்சிப்பென்று இருந்தது. அந்த அமைதி கிறிஸ்டினாவுக்குப் பிடித்திருந்தது. பின்னால் அவள் தன்னை எதற்காகவெல்லாம் திட்டிக்கொண்டாளோ, அதில் முதல் இடம் இதற்குத்தான். இங்கிலீஷில் இருந்த ஒரு தாளை நீட்டினார்கள், சுழித்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஏறியபோது பேச்சு நின்றது. பின்சீட்டுப் பெண் ஒருத்தி போனைத் திருப்பிக் காட்டினாள். கிறிஸ்டினாவின் முகம், கண்ணீரோடு, திரை முழுக்க. படத்துக்காரர்களின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் 'மண்ணின் முகங்கள்' என்று தலைப்புப் போட்டு, பின்னால் புல்லாங்குழல் சேர்த்து ஓடவிட்டிருந்தார்கள். இரண்டு லட்சம் பேர் பார்த்தாகிவிட்டது. அவள் பெயர் எதுவும் சொல்லவில்லைதான். மூணாவது லைன், ஐலெட் மெஷின் போடுற அக்கா என்றுதான் சொல்லியிருந்தாள். அந்த லைனில் ஐலெட் மெஷின் ஒன்றுதான், அதில் பன்னிரண்டு வருடமாக உட்காருகிறவள் முனியம்மாதான். இது தெரியாத ஆள் அந்தக் கம்பெனியில் கிடையாது, வாசல் நாய்க்குக்கூடத் தெரியும்.

முனியம்மா வழக்கமான சீட்டில் இருந்தாள். பக்கத்தில், கிறிஸ்டினா உட்காரும் இடத்தில், சாப்பாட்டுப் பையை வைத்திருந்தாள்.

"அக்கா" என்றாள் கிறிஸ்டினா.

முனியம்மா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள். "எம் புள்ள போன்ல காட்னான். 'இது நீயாம்மா'ன்னு கேட்டான். இன்னாடி சொல்லட்டும் அவங்கிட்ட?"

கிறிஸ்டினா கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தாள். வழியெல்லாம் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நந்தினியின் மேல், அவள் கேமராவின் மேல், புல்லாங்குழல் ஊதியவன் மேல். கடைசியில், யார் மேல் வரவேண்டுமோ அந்தத் தன் மேலும் வந்தது.

போன்களைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டு அரை மணியில் வாங்கிப் பேசலாம். வாட்ச்மேன் சர்தார் பாஷாவிடம் போனை வாங்கிக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாகப் போனாள். நந்தினியிடமிருந்து மூன்று மிஸ்டு கால் இருந்தது. இவளே அடித்தாள்.

"மேடம், அந்த வீடியோவ எடுத்துடுங்க."

"அக்கா! நீங்க செலக்ட்! டைரக்டர் உங்க வீடியோவ மூணு தடவ பாத்தாரு!"

கிறிஸ்டினாவின் வாயிலிருந்து அடுத்து வந்த சொல்லை அவள் சாகிறவரை மறக்கப் போவதில்லை. "இன்னா ரோல்?" என்று கேட்டுவிட்டாள்.

"அந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கற லேடி. டயலாக் கெடையாது, ஒரே ஷாட். ஆனா படத்துலயே அதான் ஹைலைட்."

"தண்ணி கொட்றது?"

"அத ஹீரோயின் பண்றாங்கக்கா."

அது நான் கொட்டின தண்ணி என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்போதுதான் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு தட்டியது. முனியம்மாவின் மானம் சந்தி சிரித்துக்கொண்டிருக்க, தனக்கு வலித்தது ஹீரோயின் தன் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டதற்காக.

"மேடம், அது என் கத இல்ல. நான் சொல்லியிருக்கவே கூடாது. எடுத்துடுங்க."

"நீங்க சைன் பண்ணியிருக்கீங்களே. இனிமே அது புரொடக்ஷனோடது. நீங்க ஒண்ணும் ஃபீல் பண்ணாதீங்க, எவ்வளவு பேர் அழுதிருக்காங்க தெரியுமா?"

"அழுதா? எங்கக்கா தலையக் குனிஞ்சிக்கினு கெடக்குது, ஊரு ஒக்காந்து அழுவுதா? இன்னா நெனச்சுக்கினு இருக்கீங்க எங்கள? எடுடீ அத!"

ஏரோதுவின் குரல். சர்தார் பாஷா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பார்த்தார். நந்தினி மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள். "அக்கா, இது! இந்தக் கோவம்! அன்னிக்கு ஏன் இது வரல? இத அப்படியே வெச்சுக்கோங்க, ஷூட்டிங்ல வேணும்."

கிறிஸ்டினா போனை அணைத்தாள். எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறவளிடம் எதைக் கொண்டு சண்டை போடுவது? போனைக் கேட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தாள்.

மணி அடித்துவிட்டது. மூணாவது லைனில் எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது, ஒரு மெஷினும் ஓடவில்லை. அவளுடைய ஸ்டூல் நனைந்திருந்தது. குழிந்த பலகையில் தண்ணீர் தேங்கி, விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஐலெட் மெஷின் மேல் முனியம்மாவின் பாட்டில், மூடி திறந்து, காலியாக நின்றது. முனியம்மா அவளைப் பார்க்கவில்லை. மற்ற முப்பத்தெட்டு பேரும் பார்த்தார்கள்.

"இன்னாம்மா, உக்காரலியா?" என்றார் சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷ், மேசையிலிருந்து. அவர் தலைக்கு மேலே டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. "டார்கெட் கெடக்குது."

ஓரத்தில் பழைய துணி கிடந்தது. கிறிஸ்டினா அதை எடுக்கவில்லை. நீலக் கோட்டை ஒதுக்கிவிட்டு, எல்லோரும் பார்க்க, அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். குளிர் புடவையைத் தாண்டி உடம்பில் ஏறியது. மெஷினை மிதித்தாள். தண்ணீர் தரையில் கோடாக இறங்கி, மெல்ல நகர்ந்து, முனியம்மாவின் செருப்பைத் தொட்டது. முனியம்மா காலை நகர்த்தவில்லை.