பதினேழாவது வயலில் நின்றது

அன்று காலை கமக்காரர் அமைப்பின் கட்டடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: தலைவர் செல்வநாயகம், அவருடைய மகள் தாட்சாயினி, செயலாளர் கோகுலன், வாய்க்காலின் கடைசியில் வயல் செய்யும் வீரம்மா, வீரம்மாவின் மருமகன் ராசு. வேறு ஒருவரும் அங்கே இருக்கவில்லை.

செல்வநாயகம் கதிரையில் அமரவில்லை. முதுகு சுவரில் படாமல் நிமிர்ந்து நின்றார். மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. சிறுபோக நெல்லுக்குக் குளத்துத் தண்ணீரை முறை வைத்துப் பகிரும் கணினி நிரலை எழுதியவள் அவர் மகள். அந்த நிரல் போன முறையில் வீரம்மாவின் வயலைத் தவறவிட்டது. கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்துப் பயிர், வெடித்த மண்ணில் மஞ்சளாகி நின்றது. சென்ற வருடம் வரம்பு வெட்டியபோது வீரம்மாவும் அவரும் வாய்ச்சண்டை போட்டது உண்மைதான். அதற்குப் பழி தீர்க்கத் தகப்பன் சொன்னான், மகள் தண்ணீரை வெட்டினாள் என்று சந்தையில் கதைத்தார்களாம். தண்ணீரை மறித்தவன் என்ற பெயர் அவருடைய பரம்பரையில் ஒருவனுக்கும் வந்ததில்லை.

"எல்லாருக்கும் முன்னாலை ஓட்டிக் காட்டு, பிள்ளை. ஒளிக்கிறதுக்கு எங்களிட்டை ஒண்டுமில்லை."

தாட்சாயினி மடிக்கணினியைச் சுவரிலிருந்த தொலைக்காட்சியோடு இணைத்தாள். "இதுக்குப் பேர் டிபக்கர். நிரலை நடக்க விட்டு, நான் சொல்லுற இடத்திலை பிடிச்சு நிப்பாட்டும். அந்த நேரம் அதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு நீங்களும் பாக்கலாம். பதினேழாவது வயல் வீரம்மாக்காவின்ரை. அதிலை நிக்கச் சொல்லியிருக்கிறன்."

பச்சை அம்பை அழுத்தினாள். வரிகள் ஓடின. ஒரு வரியில் மஞ்சள் பட்டை விழ, எல்லாம் உறைந்து நின்றது.

"இந்தா, செத்துப் போச்சு," என்றான் கோகுலன்.

"சாகேல்லை, மாமா. நான்தான் நிப்பாட்டினனான்."

"தலைவற்றை வயலுக்கெண்டா நிக்காமல் ஓடுது. வீரம்மாவின்ரைக்கு வந்தோடனை நிக்குது. நல்ல வளர்ப்புத்தான்," என்றான் கோகுலன்.

மகள் ஒரு விசையைத் தட்டினாள். மஞ்சள் பட்டை அடுத்த வரிக்குத் தாவியது. ஏற்கெனவே முறை கொடுத்தாயிற்று, இந்த வயலைத் தள்ளு என்பது அந்த வரி.

ராசு துள்ளி எழும்பினான். "பாத்தீங்களா அத்த! தள்ளுன்னு எழுதியே வச்சிருக்காங்க!"

"அந்த வரி எல்லாருக்கும் பொது, ராசண்ணை. அரசாங்கம் குடுத்த ஒரு பெர்மிட் காணியை அண்ணன் தம்பி பிரிச்சுச் செய்தாலும் தண்ணி ஒருமுறைதான். அது நீங்கள் எல்லாரும் வைச்ச வழக்கம்."

"இப்ப என்னமோ தட்டுனீங்கல்ல? அதெல்லாம் வேணாம். மொதல்ல இருந்து ஓட்டுங்க."

அவள் வட்ட அம்பை அழுத்தினாள். நிரல் மறுபடி முதலாம் வயலில் தொடங்கி, மறுபடி பதினேழில் நின்றது. மறுபடி அதே வரிக்குத் தாவியது.

"கண் தெரியுதோ? பொய் சொல்லுதோ?" ராசுவைப் பார்த்துக் கேட்ட செல்வநாயகத்தின் குரல் கூரைத் தகரத்தில் மோதியது.

வீரம்மா மெதுவாகக் கேட்டார்: "எனக்குத்தான் பெர்மிட்டே இல்லியே, பாப்பா. அப்பறம் யாரு பெர்மிட்டுல என்னையச் சேத்துச்சு?"

தாட்சாயினியின் விரல் நின்றது. பெறுமதிகள் இருந்த பெட்டியைத் திறந்தாள். வீரம்மா, பெர்மிட் இலக்கம்: 0. முறை பெற்றவர்களின் பட்டியலில் பொன்னையா, பெர்மிட் இலக்கம்: 0.

"பெர்மிட் இல்லாத ரெண்டு பேரையும் ஒரே காணியெண்டு எடுத்திருக்கு. பொன்னையா அண்ணைக்குக் குடுத்திட்டு இவவைத் தள்ளியிருக்கு. பெர்மிட் இல்லாட்டி கட்டத்தை வெறுமையா விடுங்கோ, தனிக் காணியா எடுக்கும் எண்டு சொன்னனானே! ஆர் சைபர் போட்டது?"

"வயல் பதிவுத் தாளிலை கிடந்ததை அப்பிடியே அடிச்சனான்," என்றான் கோகுலன்.

அந்தத் தாளை நிரப்பியவர் செல்வநாயகம். மகள் சொன்னது நினைவிருந்தது. ஆனால் தான் கையொப்பம் இடும் தாளில் வெற்றுக் கட்டம் கிடப்பதா? உருண்டையாக இரண்டு சைபர் போட்டு, அழகு பார்த்து, கையொப்பம் வைத்திருந்தார்.

"நிப்பாட்டு!" என்று கத்தினார்.

மகள் அவரை ஒருமுறை பார்த்தாள். சிவப்புச் சதுரத்தை அழுத்தினாள். வீரம்மாவின் சைபரும் பொன்னையாவின் சைபரும் திரையிலிருந்து மறைந்தன.

கோகுலன் சிரித்தபடி எழுந்து அவர் காதருகே வந்தான். "விடுங்கோ, அண்ணை. மிசினிலை பிழை எண்டு எழுதிவிடுறன். பிள்ளை திருத்திப்போடும். உங்களுக்கு ஒரு கதையும் வராது."

உங்களுக்கு வராது. அப்படியென்றால் அவளுக்கு வரும். தாட்சாயினி எழுதினது பிழை என்று முழு வாய்க்காலும் சொல்லும். அவருக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. கோகுலனின் சிரிப்பில் ஆத்திரம் வந்தது; தன்னுடைய வடிவான கையெழுத்தில் அதைவிட ஆத்திரம் வந்தது.

"தள்ளி நில்லடா! என்ரை பிள்ளையின்ரை தலையிலை கட்டவோ பாக்கிறாய்? பிள்ளை, திரும்பத் தொடங்கு. அந்தச் சைபரிலை கொண்டுபோய் நிப்பாட்டு."

மூன்றாந்தரம் மஞ்சள் பட்டை விழுந்தது. பெட்டி திறந்தது. செல்வநாயகம் திரையருகே போய் விரலை வைத்தார்.

"இது என்ரை கை. சொல்லச் சொல்லக் கேளாமல் நான் போட்டது. கூட்டக் கொப்பியிலை எழுது, கோகுலன். என்ரை பேரை முழுசா எழுது."

கோகுலன் எழுதினான்.

"ஒரு வார்த்தை வந்து கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே, ஐயா," என்றார் வீரம்மா. "பேசக்கூட மாட்டேன்னு நின்னீங்க."

"இண்டைக்கு என்ரை முறை," என்றார் செல்வநாயகம், யாரையோ ஏசுவதுபோல. "அதை உம்மடை வயலுக்கு விடுறன். ராசு, மண்வெட்டியை எடு."

தகப்பன் நிறுத்தச் சொன்ன இடைவெளியில் மகள் நிரலை மாற்றிவிட்டாள் என்று இப்போது புதுக்குடியிருப்புச் சந்தையில் ஒரு கதை திரிகிறது. அது பொய். அன்று நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கூட்டக் கொப்பியில் எழுதிய பிறகு பட்டியலில் இரண்டு சைபர்கள் அழிக்கப்பட்டன, அழித்தவர் செல்வநாயகம்.