அரை மாத்திரை

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் உடம்புப் பரிசோதனை உண்டு. இந்தத் தடவை என் வீட்டுக்காரருக்குப் பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. இ.சி.ஜி.யிலும் ஏதோ கோளாறு. சாயம் ஏற்றி இதயக் குழாயைப் படம் எடுத்துப் பார்க்கும்வரை கிரேனில் ஏறக் கூடாது என்று தரையில் இறக்கிவிட்டார்கள். பன்னிரண்டு நாள் கழித்துத் தேதி. எழுதிக் கொடுத்த மாத்திரையை இவர் வாங்கவே இல்லை.

"மாத்திரை போட்டா நோயாளின்னு முத்திரை குத்திருவானுங்க" என்றார். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

நானும் சும்மா இருக்கிறவள் இல்லை. என் ஓரகத்தியிடம் போய், அவள் புருஷன், அதாவது இவருடைய அண்ணன், போடுகிற பிரஷர் மாத்திரையில் ஒரு அட்டை வாங்கி வந்தேன். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே பிரஷர், மருந்து மட்டும் வேறாகவா இருக்கும்? தினமும் அரை மாத்திரையைக் கரண்டியால் நசுக்கி இவருடைய காலை டீயில் கலந்தேன். ஒருநாள் கசக்கிறது என்றார். "உங்க வாய் அப்படி" என்று சொல்லிவிட்டேன்.

படம் எடுக்கிற அன்று காலையில் முதலில் ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"பன்னெண்டு நாளைக்கு முன்னாடி செக்கப்புல உங்க கிட்னி நல்லா இருந்துச்சு. ரத்தத்துல கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு, கிரியாட்டினின், ஒண்ணு புள்ளி ஒண்ணு. இன்னிக்கு ரெண்டரை. இப்ப சாயம் ஏத்தினா கிட்னி தாங்காது. நடுவுல புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"தலைவலி மாத்திரைகூடத் தொட மாட்டேங்க" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

சொன்னால் இருபத்திரண்டு வருஷ நம்பிக்கை போச்சு. சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவார்.

"நான் குடுத்தேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். இவர் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டரம்மா மாத்திரையின் பெயரைக் கேட்டுக்கொண்டார். "நல்ல மாத்திரைதான். ஆனா ரெண்டு கிட்னிக்கும் போற ரத்தக்குழாய் சுருங்கியிருந்தா, இதுவே கிட்னியப் படுக்க வெச்சிரும். இதயத்தப் பாக்க வர்றவங்கள்ல சில பேருக்கு அங்கயும் சுருக்கம் இருக்கும். உங்க பிரஷர் இப்படி எகிறுறதுக்கும் அதுவே காரணமா இருக்கலாம்." பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா அரை மாத்திரைக்கு இது அதிகம். அரைதானா?"

"சத்தியமா அரைதாங்க!"

இவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் தினம் ஒண்ணு போட்டேன்" என்றார். "அதே மாத்திரைதான். எங்கண்ணன் குடுத்தான். குளிக்கப் போறப்ப முழுங்கிருவேன். இவளுக்குத் தெரிஞ்சா பயந்துருவா."

"அடப்பாவி மனுஷா! நான் பயப்படாமதான் இருந்தேன்னு நெனச்சீங்களா?" என்று டாக்டர் முன்னாலேயே கத்திவிட்டேன். அப்புறம் அழுகை அடங்கவில்லை.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் சுருக்கம், இடது பக்கம் மோசம். அந்த மாத்திரையை நிறுத்தி, வார்டில் சேர்த்தார்கள். ஐந்து நாளும் இவர் சிறுநீர் பாட்டிலில் கோடு எத்தனை ஏறியது என்று பார்ப்பதுதான் என் வேலை. என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை.

"உன்னுது அரை, என்னுது ஒண்ணு. உன்ன விட நான் ரெண்டு மடங்கு முட்டாள்" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறாம் நாள் காலையில் கிரியாட்டினின் ஒன்றரைக்கு இறங்கியது. அடுத்த வாரம் சாயத்தைக் குறைவாக ஏற்றி இதயத்தைப் பார்க்கலாம், அப்போதே கிட்னிக் குழாயையும் பார்த்துவிடலாம் என்றார் டாக்டரம்மா.

"கிரேன்ல எப்பங்க ஏறலாம்?" என்று கேட்டார் இவர்.

"மொதல்ல படத்த எடுத்துப் பாப்போம்" என்று சொல்லி, வேறு மாத்திரை எழுதிச் சீட்டைக் கிழித்தார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம்.

டாக்டரம்மா சீட்டைக் கொடுக்கவில்லை. "இத யாரு கையில குடுக்கட்டும்?" என்றார்.

நானும் இவரும் கையை இறக்கிக்கொண்டோம்.